பிக்காசோ செய்த மாதிரி ஸ்டில் லைஃப் தட்டை வேலூர் மண்ணில் செய்ய முடியுமா?

காட்பாடியிலிருந்து ஓவியர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிக்காசோ செய்த ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களைக் காட்டும் படைப்பு) பீங்கான் தட்டு ஒன்றை ஏலப் பட்டியலில் பார்த்து, அதன் முன்பக்கப் படத்தையும் அனுப்பியிருக்கிறார். கீழே ‘தனிப்படைப்பு’ என்று குறிப்பு. அதே ஆளின் இன்னொரு தட்டைவிடப் பல மடங்கு விலை. ‘தட்டில் மீன் வரைந்தால் அதில் என்ன தனி?’ என்பது முதல் கேள்வி. அடுத்தது அவர் கைப்பட்ட அனுபவம். குயவரிடம் சுடாத பச்சைத் தட்டு வாங்கி, உருட்டிய களிமண் எலுமிச்சை ஒன்றை அதில் ஒட்டி, போஸ்டர் கலரில் கத்தரிக்காயும் கத்தியும் வரைந்து, பானைகளோடு சூளையில் வைத்திருக்கிறார். எலுமிச்சை வெடித்துவிட்டது. சிவப்பும் நீலமும் காணோம். மஞ்சள் மட்டும் செங்கல் நிறமாகி நிற்கிறது. எங்கே தப்பு என்று கேட்கிறார். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது: கேன்வாஸில் செய்கிற வேலையை அப்படியே தட்டுக்கு மாற்றினால் போதுமா?

சூளையில் நடந்ததை முதலில் பார்ப்போம், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. போஸ்டர் கலரில் வரும் சிவப்பும் நீலமும் பெரும்பாலும் கரிமச் சாயங்கள். சில நூறு டிகிரியிலேயே எரிந்து புகையோடு போய்விடும். மஞ்சள் நின்றது என்றால் அது காவி மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். காவி மஞ்சள் என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. சூட்டில் அந்த நீர் வெளியேறினால் செங்காவி ஆகிவிடும். ஆக, உங்கள் தட்டில் உண்மையிலேயே பீங்கான் வேலை நடந்த ஒரே இடம் அந்தச் செங்கல் நிறத் திட்டுதான், அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். எலுமிச்சை வெடித்ததற்குக் காற்றுக் குமிழியைக் குற்றம் சொல்லியிருப்பார்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வது வழக்கம். உண்மையான குற்றவாளி ஈரம். 4, 5 சென்டிமீட்டர் கனமுள்ள மண் உருண்டை வெளியே காய்ந்து வெளுத்துவிட்டாலும் நடுவில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். 100 டிகிரியில் அது ஆவியாகும்போது தண்ணீராக இருந்ததைவிட 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லை என்றால் உடைத்துக்கொண்டுதான் போகும்.

இனி பிக்காசோ. தெற்கு பிரான்சில் வலோரிஸ் என்று ஓர் ஊர். சமையல் பானைக்குப் பேர்போய், அலுமினியப் பாத்திரம் வந்தபின் தொழில் நொடித்த குயவர் ஊர். 1946 கோடையில் அங்கே நடந்த மண்பாண்டக் கண்காட்சிக்குப் போனவர், சூசான் ராமியே, ஜார்ஜ் ராமியே தம்பதியின் மதூரா பட்டறையில் சில சின்ன உருவங்களைச் செய்து வைத்துவிட்டு வந்தார். 1947இல் திரும்பப் போய் மும்முரமாக இறங்கினார். அப்போது அவருக்கு வயது 65. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் செய்தார். பெரும்பாலும் அவர் சக்கரத்தில் உட்காரவில்லை. தொழில் தெரிந்த குயவர் வனைந்து கொடுப்பார். இவர் அந்தப் பச்சை மண்ணை நசுக்குவார், வளைப்பார், கத்தியால் கீறுவார், மேலே மண் ஒட்டுவார், சூட்டில் நிறம் தரும் உலோக ஆக்சைடு பூசுவார். நீங்கள் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரிக் குயவர் ஒருவரிடம் தட்டு வனைந்து வாங்கி அதன்மேல் வேலை செய்தால் முறை அதேதான், கூச்சப்பட ஒன்றுமில்லை. தட்டின் பின்னால் அவர் பெயரையும் போடுங்கள், அவ்வளவுதான்.

‘தனிப்படைப்பு’ என்ற சொல்லுக்கு அந்த உலகில் திட்டமான பொருள் உண்டு. மதூரா பட்டறையில் இரண்டு வகை வேலை நடந்தது. பிக்காசோ தன் கையால் வண்ணமிட்டு, கீறி, ஒட்டி முடித்த ஒற்றைப் பொருள் தனிப்படைப்பு. அவர் அனுமதியோடு பட்டறைக்காரர்கள் பல பிரதிகளாகச் செய்து விற்றது பதிப்பு. 1947 முதல் 1971 வரை இப்படி 633 பதிப்புகள் வந்தன. பெரும்பாலும் ஒவ்வொன்றும் 25 முதல் 500 பிரதி வரை. பதிப்பிலும் இரண்டு வழி. அவர் செய்த மூலத்தைப் பார்த்து அதே வடிவம், அதே வண்ணம் என்று கையால் நகலெடுப்பது ஒன்று. அவர் செதுக்கிய மூலத்திலிருந்து வந்த பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி எடுப்பது இன்னொன்று. பதிப்புகளின் அடியில் ‘எதிசியோன் பிக்காசோ’, ‘மதூரா ப்ளேன் ஃப’, ‘ஆம்ப்ரேன்த் ஒரிஜினால் த பிக்காசோ’ போன்ற முத்திரைகள் இருக்கும். தனிப்படைப்பில் பெரும்பாலும் அந்தப் பதிப்பு முத்திரை இல்லாமல் அவர் கையால் எழுதிய தேதி இருக்கும். இவ்வளவும் உறுதி. ஆனால் முத்திரையை மட்டும் வைத்து ஒரு பொருளை அசல், போலி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. முத்திரையைப் போலியாக வெட்டுவது தட்டைப் போலியாகச் செய்வதைவிடச் சுலபம். நீங்கள் அனுப்பிய மாதிரி முன்பக்கப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் எதையும் உறுதி செய்ய முடியாது. மேலே செய்ததைவிட அடியில் இருக்கும் மண், மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி படியும் பூச்சு, கிளேஸ்) வழிந்த விளிம்பு, கீறலின் ஆழம் இவைதான் பேசும்.

சரி, ‘என்ன தனி’ என்பதற்கு வருகிறேன். ஓவியத்தில் ஸ்டில் லைஃப் என்றால் ஒரு மேசை, மேசைமேல் தட்டு, தட்டில் பழம். மூன்றையும் துணியில் ஏமாற்றிக் காட்டுகிறோம். பீங்கானில் தட்டை வரைய வேண்டியதே இல்லை, தட்டு கையில் இருக்கிறது. அதில் மீனோ முட்டையோ வைத்தால் எது பொருள், எது படம் என்ற கோடு அழிந்துவிடுகிறது. பிக்காசோவுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. 1914இலேயே அப்சிந்த் என்ற மதுவின் கோப்பை ஒன்றை ஆறு வெண்கல வார்ப்பாகச் செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறாக வண்ணமிட்டு, ஆறிலும் கடையில் வாங்கிய நிஜக் கரண்டியை வைத்தார். கரண்டி நிஜம், கோப்பை பொய், இரண்டும் ஒரே சிற்பம். ஒரே அச்சில் வந்தும் ஆறும் ஆறு தனிப்படைப்பு. 1957இல் இன்னொன்று: சாப்பிட்டு முடித்த சோல் என்ற தட்டை மீனின் முள்கூட்டை ஈரக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்துத் தட்டில் வைத்தார். டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அதைப் படமாக எடுத்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டிலேயே பெர்னார் பாலிசி என்ற பிரெஞ்சுக் குயவர் நிஜப் பாம்பு, மீன், தவளையிலிருந்து அச்செடுத்துத் தட்டுகளில் பதித்தவர்தான். ஆனால் பாலிசி நிஜமோ என்று மலைக்க வைக்கப் பார்த்தார். பிக்காசோ அதே தட்டில் நிஜ முள்ளின் தடத்தையும் கிறுக்கலான கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டும் மண்தானே என்கிறார். எனக்கு இவரைத்தான் பிடிக்கும்.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. தட்டு உங்கள் கேன்வாஸ் இல்லை, மேசை. அதனால் எது புடைப்பு, எது கோடு, எது வெறும் நிறம் என்பதை மண் ஈரமாக இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். உங்கள் பட்டியலையே வைத்துக்கொள்வோம்: கத்தரிக்காய், எலுமிச்சை, கத்தி. கத்தரிக்காய் என்றால் இலவம்பாடி முள்ளுக் கத்தரியே இருக்கட்டும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் காய். கத்தரிக்காய் முழுப் புடைப்பு, எலுமிச்சை பாதிப் புடைப்பு, கத்தி வெறும் கீறல் என்று பிரித்தால் ஒரே தட்டில் மூன்று தூரம் கிடைக்கும். மூன்றையும் புடைப்பாகச் செய்தால் பொம்மைக் கடை மாதிரி ஆகிவிடும்.

மண்ணைப் பற்றி. உங்கள் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் நான் சொல்லும் அளவுகள் தொடக்கப்புள்ளிதான், சோதித்துத் திருத்திக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஏரி மண்ணில் இரண்டு தொல்லை. ஒன்று சுக்கான் கல். அரிசியளவு சுண்ணாம்புத் துணுக்கு மண்ணில் இருந்தால், சுட்ட பிறகு சுட்ட சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, ஒரு வாரம் கழித்துத் தட்டின் முகத்தில் காசளவு சில்லைத் தெறிக்கும். காய்ந்த மண் கட்டியை வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரை வந்தால் மண்ணைக் கரைத்து 60 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 60 கண்) சல்லடையில் வடித்தே ஆக வேண்டும். இரண்டாவது உப்பு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களின் கிணற்றுத் தண்ணீரில் மண் பிசைந்தால், காயும்போது உப்பு விளிம்புக்கு ஏறி, சுட்டபின் வெள்ளைப் படலமாகத் தெரியும். அதன்மேல் மெருகும் சரியாகப் பிடிக்காது. மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். 4 கிலோ மண்ணுக்கு 800 கிராம் உடைந்த ஓட்டைப் பொடித்து மாவுச் சல்லடையில் சலித்துச் சேருங்கள். சுருங்குவது குறையும், ஈரம் வெளியேற வழியும் கிடைக்கும்.

சுருக்கத்தை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். மண்ணில் 14 சென்டிமீட்டர் பட்டை ஒன்று செய்து, அதில் சரியாக 10 சென்டிமீட்டருக்குக் கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளந்து பாருங்கள். கோடு 8.9 ஆகியிருந்தால் சுருக்கம் 11 சதவீதம். 30 சென்டிமீட்டர் தட்டு வேண்டும் என்றால் 30ஐ 0.89ஆல் வகுத்து, ஏறக்குறைய 33.7 சென்டிமீட்டருக்கு ஈரத் தட்டு வனையச் சொல்லுங்கள். கனம் 1 சென்டிமீட்டர். வாங்கும்போது தட்டு அரைக்காய்ச்சலில் இருக்க வேண்டும்: விரலால் அழுத்தினால் தடம் விழக் கூடாது, நகத்தால் கீறினால் சுருள் வர வேண்டும். ஆங்கிலத்தில் இந்த நிலைக்குத் தோல் பதம் என்றே பெயர். ஆம்பூர், இராணிப்பேட்டை ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். நீங்கள் வாங்கியது முழுதும் காய்ந்த தட்டாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காய்ந்த தட்டில் ஈரப் பழத்தை ஒட்டினால், பழம் பின்னால் சுருங்கும், தட்டு சுருங்கி முடித்திருக்கும். சூளைக்குப் போகாவிட்டாலும் அது கழன்றுதான் விழும்.

கத்தரிக்காயை உள்ளே குடைவாகச் செய்யுங்கள். இரண்டு பாதியாக உள்ளங்கையில் கிண்ணம் மாதிரி குழித்து, சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் வைத்து, விளிம்புகளை முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைத் தயிர் பதத்துக்குக் கரைத்து இரண்டு சொட்டு வினிகர் விட்டுத் தடவி, ஒட்டி அழுத்துங்கள். தட்டில் அது உட்காரும் இடத்தையும் அப்படியே கீறுங்கள். தட்டின் அடியிலிருந்து காயின் உள்ளே போகும்படி தீக்குச்சி கனத்தில் ஒரு துளை விடுங்கள். முன்னாலிருந்து தெரியாது, ஆவி அதன் வழியாகப் போய்விடும். எலுமிச்சைப் பாதிக்கும் இதே கதை. ஒட்டிய சுற்றுக் கோட்டில் நூல் கனத்துக்கு மண் திரி உருட்டி வைத்து, மரக் குச்சியால் அழுத்தித் தேய்த்தால் பிளவு வராது.

முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தத் தட்டின் உயிரே அங்கேதான். காம்பிலும் காம்புத் தொப்பியிலும் முள் வேண்டும். மண்ணைக் கூராக உருட்டி ஒட்டினால் பாதி காயும்போதே ஒடியும், மீதி கைபட்டு ஒடியும். அதற்குப் பதில் கெட்டியான மண் கரைசலில் தூரிகை நுனியைத் தோய்த்து, தொப்பியில் தொட்டு மெல்ல மேலே இழுங்கள். இட்லி மாவைக் கரண்டியில் தூக்கினால் ஒரு வால் நிற்குமே, அந்த மாதிரி 2 மில்லிமீட்டர் கூர் நிற்கும். அரை மணி கழித்து அதன்மேலேயே இன்னொரு தொடல். பத்துப் பன்னிரண்டு முள் போதும். மெருகு பூசினால் இந்தக் கூர் எல்லாம் உருண்டு மழுங்கிவிடும். அதனால் தொப்பியை மெருகு இல்லாமல் விட வேண்டும், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

காயவைப்பதில்தான் முக்கால்வாசித் தட்டு போகிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் வேலூரில் மதியக் காற்றுப் பட்டால் விளிம்பு இரண்டு மணி நேரத்தில் வெளுக்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். விளிம்பிலிருந்து உள்நோக்கி விரிசல் விட்டிருந்தால் விளிம்பு முந்திக் காய்ந்தது என்று அர்த்தம். நட்ட நடுவில் பிளந்திருந்தால் அடி பலகையில் ஒட்டிக்கொண்டு சுருங்க முடியாமல் போனது, அல்லது வனையும்போது நடுவை அழுத்தித் தேய்க்காமல் விட்டது. பலகையில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் போட்டு அதன்மேல் தட்டை வையுங்கள். விளிம்பைச் சுற்றி பாலித்தீன் பட்டை சுற்றுங்கள். காயையும் பழத்தையும் தளர்வாக மூடுங்கள். தட்டும் புடைப்பும் ஒரே வேகத்தில் காய வேண்டும், வேறு நோக்கமில்லை. கோடையில் இரண்டு வாரம், ஐப்பசி கார்த்திகையில் மூன்று வாரத்துக்கு மேல். காய்ந்ததா என்று கண்ணால் பார்க்காதீர்கள், தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்தது.

நிறம் போடுவது ஓவியருக்குக் கஷ்டமான இடம், ஏனென்றால் போடும்போது எதுவும் தெரியாது. கோபால்ட் ஆக்சைடு பூசும்போது கருப்பு, வெந்தபின் நீலம். தாமிர ஆக்சைடும் கருப்புதான், வெந்தால் பச்சை. தட்டு அரைக்காய்ச்சலில் இருக்கும்போதே முதலில் வெள்ளைக் கரைசல் ஒன்றை அடிக்க வேண்டும்: கயோலின் (வெள்ளைக் களிமண்) 35 பங்கு, பால் கிளே (ball clay, நன்றாக இழுபடும் வெளிர் களிமண்) 35, குவார்ட்ஸ் 15, போராக்ஸ் ஃப்ரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) 15. இராணிப்பேட்டைப் பக்கம் கழிவறைப் பீங்கான் ஆலைகள் இருப்பதால் அந்த வெள்ளை மண்ணை வாங்கிப் பூசலாமே என்று தோன்றும். அது 1,200 டிகிரி வாக்கில் வேகிற மண். நீங்கள் மெருகுக்குச் சுடப்போகும் 1,050 டிகிரியில் வேகாமல் பொருக்காக உதிரும். இந்த வெள்ளைக் கரைசலிலேயே நிறம் கலக்கலாம். 100 கிராம் உலர் எடைக்கு நீலத்துக்குக் கோபால்ட் 1 முதல் 2 கிராம், பச்சைக்குத் தாமிரம் 4, பழுப்புக்கு இரும்பு 6. கத்தரி நிறத்துக்கு மாங்கனீஸ் 5 கிராமோடு கோபால்ட் அரை கிராம். மாங்கனீஸ் தனியாக நின்றால் காபிப்பொடி நிறம்தான் வரும், அந்த அரை கிராம் கோபால்ட்தான் அதை ஊதாப் பக்கம் இழுக்கும். எலுமிச்சை மஞ்சள் ஆக்சைடில் சுலபமாக வராது. பிரசியோடிமியம் மஞ்சள் ஸ்டெயின் (சூடு தாங்கும் நிறத்தூள்) என்று கேட்டு வாங்கி 8 கிராம் சேருங்கள். கத்திக்கு நிறமே வேண்டாம். வெள்ளைக் கரைசல் அரைக்காய்ச்சல் ஆனதும் ஆணியால் கீறுங்கள், அடியிலிருக்கும் செம்மண் கோடாகத் தெரியும். தட்டில் கை வைப்பதற்கு முன், ஒவ்வொரு நிறத்துக்கும் விரல் நீளத் துண்டு ஒன்றில் பூசிச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதல் சூடு, எலக்ட்ரிக் சூளையில், 1,000 டிகிரிக்கு. 90 டிகிரியில் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து 4 மணி நேரம், பிறகு 600 வரை மணிக்கு 60 டிகிரி, அதன்பின் மணிக்கு 100. 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் திடீரென்று பருமன் மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரப்பட்டால் கனமான காயும் மெல்லிய தட்டும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்து, ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், தட்டு இரண்டு. தட்டின் அடியில் மெல்லியதாக மணல் தூவி வைத்தால் சுருங்கும்போது வழுக்கிக்கொள்ளும். 100 டிகிரிக்குக் கீழே இறங்காமல் திறக்காதீர்கள். சுக்கான் சந்தேகம் இருந்தால், வெளியே எடுத்து ஆறிய கையோடு தட்டைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போடுங்கள். சுண்ணாம்பு ஊதாமல் அங்கேயே கரைந்துபோக வாய்ப்பு உண்டு.

அடுத்து மெருகு. ஈயமில்லாத போராக்ஸ் ஃப்ரிட் 88 பங்கு, கயோலின் 12. தண்ணீர் விட்டு 80 மெஷ்ஷில் வடித்தபின் 100 மில்லி கரைசல் 145 கிராம் எடை நிற்க வேண்டும். கத்தரித் தொப்பிக்கு மட்டும் தாமிரமும் இரும்பும் கலந்த நீரை மெல்லப் பூசி, காய்ந்ததும் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவுங்கள். மெழுகை நேரடித் தீயில் உருக்காமல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் மெருகு ஒட்டாது, சூட்டில் மெழுகு எரிந்துபோய் முள் கூராகவே நிற்கும். வலோரிஸிலும் பாரஃபின் மெழுகு தடவி இப்படி இடம் விடும் வேலை நடந்தது. மற்ற இடமெல்லாம் இரண்டு விசிட்டிங் கார்டு கனத்துக்கு மெருகு. 1,050 டிகிரி, உச்சியில் 15 நிமிடம் நிறுத்தம்.

இங்கேதான் ஓவியர் கவனிக்க வேண்டிய ஒன்று நடக்கிறது. உருகிய மெருகு மேட்டில் மெலிந்து, பள்ளத்தில் தேங்கும். எலுமிச்சை தட்டைத் தொடும் ஓரத்தில் அது கனமாக நின்று தானாகவே ஒரு நிழல் விழுந்த மாதிரி இருக்கும். அதோடு புடைப்பின் நிஜ நிழல் வேறு. இதற்குமேல் நீங்கள் ஒரு நிழலும் வரைந்தால் மூன்று நிழல். வேண்டுமென்றே வெளிச்சத்துக்கு எதிர்ப் பக்கம் வரைந்தால் அது ஒரு நல்ல குறும்பு. தெரியாமல் வரைந்தால் வெறும் அழுக்கு.

மெருகில் வரும் கோளாறு இரண்டு மூன்றுதான். சிலந்தி வலை மாதிரி விரிசல் என்றால், ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது. 100 கிராம் மெருகுத் தூளுக்குக் குவார்ட்ஸ் 5 கிராம் கூட்டிப் பாருங்கள். மெருகு சுருண்டு ஒதுங்கி மண் தெரிந்தால் தூசி, விரல் எண்ணெய், அல்லது காயும் தட்டும் சேரும் மூலையில் மெருகு கனமாகத் தேங்கியது. பூசும் முன் ஈரப் பஞ்சால் துடைத்தால் பாதி குறையும். பாதுகாப்பில் மட்டும் விளையாட வேண்டாம். பழைய பச்சை மெருகுகளில் பளபளப்புக்காக ஈயம் சேர்ப்பது உண்டு. அதோடு தாமிரமும் சேர்ந்தால் புளிப்பு பட்டவுடன் ஈயம் இன்னும் அதிகமாகக் கசியும். எலுமிச்சைத் தட்டு என்பதற்காக நிஜ எலுமிச்சையைப் பிழிந்து வைத்துப் பரிமாறிவிடாதீர்கள், இது சுவருக்கான தட்டு. ஆக்சைடும் குவார்ட்ஸும் கலக்கும்போது முகக்கவசம் கட்டுங்கள். மாங்கனீஸ் வேகும்போது சூளை அறையில் உட்காராதீர்கள்.

எலக்ட்ரிக் சூளை கிடைக்கவில்லை, ஊர்ச் சூளைதான் என்றால் அது பெரும்பாலும் 700 முதல் 850 டிகிரிதான் போகும், மேலே சொன்ன மெருகு அதில் உருகாது. அப்போது மெருகை மறந்துவிட்டு, அரைக்காய்ச்சல் தட்டில் காவிக் கரைசல் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றி, கீறலும் புடைப்பும் மட்டும் வைத்துச் சுடுங்கள். செம்மண் கத்தரிக்காய் ஒன்றும் குறைந்ததல்ல. சுட்டபின் அக்ரிலிக் அடிப்பது மட்டும் எனக்கு ஒப்பாது. அடித்தால் விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள், வாங்குகிறவர் கழுவிப் பார்ப்பார்.

நீங்கள் செய்வது தனிப்படைப்பா என்றால், அச்செடுத்து மறுபடி செய்யாத வரை ஆம். குயவர் அதே மாதிரி இன்னும் பத்துத் தட்டு வனைந்திருந்தாலும் அது மாறாது. பின்னாளில் அச்செடுத்துப் பத்துப் பிரதி போட நினைத்தால், முதல் பிரதி விற்கும் முன்பே எண்ணிக்கையை முடிவு செய்து, ஒவ்வொன்றின் அடியிலும் 1/10, 2/10 என்று ஈர மண்ணிலேயே கீறுங்கள். தேதியும் அப்படித்தான். பேனாவில் எழுதியது யார் எழுதியது, எப்போது எழுதியது என்று யாருக்கும் தெரியாது, சுடுமுன் கீறியதை யாரும் பிறகு சேர்க்க முடியாது. கண்காட்சியில் மாட்டுவதற்கான துளையையும் இப்போதே போட்டுவிடுங்கள். அடி வளையத்தில் மேல்பக்கமாக, விரல் அகலம் தள்ளி இரண்டு துளை, 5 மில்லிமீட்டர். வெந்தபின் நாலரைக்குக் கிட்ட நிற்கும், செம்புக் கம்பி இரட்டையாக நுழையும். மெருகு பூசியதும் ஒரு குச்சியை விட்டு அந்தத் துளைகளைச் சுத்தம் செய்ய மறந்தால், உருகிய மெருகு இரண்டையும் அடைத்துக்கொண்டுதான் வெளியே வரும்.